நடுவழியில் இறங்குங்கள்!

வெள்ளிக்கிழமை மாலை, லண்டன் செயின்ட் பான்க்ராஸ் ரயில் நிலையம். சக்கரம் வைத்த சின்னப் பெட்டிகளை இழுத்துக்கொண்டு யூரோஸ்டார் வாசலில் ஒரு கூட்டம் நிற்கிறது. இரண்டு ராத்திரி வெளியூரில் தூங்கி, திங்கட்கிழமை காலை அலுவலகத்துக்குத் திரும்பிவிட வேண்டிய கூட்டம். பெரும்பாலோர் கையில் பாரிஸ் டிக்கெட். என் கையில் இருந்தது லீல்.

நானாக விரும்பி எடுத்த முடிவு அல்ல. லண்டனில் தங்கை வீட்டுக்குப் போனவனுக்கு, ஐரோப்பாவுக்கான விசாவும் கையில் இருக்கும்போதே பாரிஸை ஒரு எட்டு பார்த்துவிடலாம் என்று ஆசை. புறப்படுவதற்கு ஒரு வாரம் இருக்கும்போது டிக்கெட் தேடினேன். 39 பவுண்டுக்குப் போகலாம் என்று விளம்பரம் சொன்ன அதே பயணத்துக்கு 200 பவுண்டுக்கு மேல் கேட்டது திரை. ரூபாயில் பெருக்கிப் பார்த்ததுதான் தப்பு, நெஞ்சு அடைத்தது. "பிரஸ்ஸல்ஸ் வண்டியிலே ஏறி நடுவுல லீல்ல இறங்கிடுண்ணா, அதுவும் பிரான்ஸ்தானே" என்றாள் தங்கை. விலை அதில் பாதிகூட இல்லை.

ஒன்றரை மணி நேரத்துக்குள் லீல் வந்துவிட்டது. அங்கே இரண்டு நிலையங்கள். யூரோஸ்டார் நிற்கும் லீல் யூரோப் புதியது, கண்ணாடியும் கான்கிரீட்டுமாக இருக்கும். அங்கிருந்து ஐந்தாறு நிமிடம் நடந்தால் லீல் ஃப்ளாந்தர். அதன் கல் முகப்பைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் விஷயம் தெரிந்தது. 1846-ல் பாரிஸில் கட்டிய கார் து நோர், அதாவது வடக்கு நிலையத்தின் முகப்புதான் அது! கூட்டத்துக்கு இடம் போதவில்லை என்று பிறகு பாரிஸ்காரர்கள் அதைப் பிரித்து, கல் கல்லாக லீலுக்கு அனுப்பிவிட்டார்கள். பாரிஸ் வடக்கு நிலையத்தில் இறங்க முடியவில்லையே என்று குமைந்தவன், அதன் மூத்த உருவத்தின் எதிரில் நின்றுகொண்டிருந்தேன்.

ஐரோப்பாவில் சின்னச் சின்ன ரயில் பயணம் போக நினைக்கிறவர்களுக்கு அன்று முதல் நான் சொல்லும் யோசனை ஒன்றுதான். பெயர் பெற்ற ஊரைத் தேர்ந்தெடுத்துவிட்டு மலிவு டிக்கெட்டுக்கு அலையாதீர்கள். இரண்டு பெரிய ஊர்களுக்கு நடுவே வண்டி எங்கே நிற்கிறது என்று பாருங்கள். நம் ஊரில் எத்தனை பேர் வாழ்நாளெல்லாம் விருத்தாசலத்தைத் தூக்கத்திலேயே கடந்திருக்கிறோம்! பழமலைநாதர் கோயிலைப் பார்க்க நடுவில் இறங்கியவர்கள் எத்தனை பேர்? ஐரோப்பாவிலும் அதே கதைதான்.

டிக்கெட்டா, பங்குச் சந்தையா?

நமக்கு ரயில் கட்டணம் என்றால் கிலோமீட்டர் கணக்கு. ராஜதானி, சதாப்தி, துரந்தோ வண்டிகளில் 2016 முதல் இடம் நிரம்ப நிரம்ப விலை ஏறும் முறை வந்தது. அதற்கே எத்தனை முணுமுணுப்பு! ஐரோப்பாவின் அதிவேக ரயில்களில் அதுதான் பொது விதி. இந்த வழக்கத்துக்குப் பெரிதாகப் பாதை போட்டவர்களில் பிரெஞ்சு ரயில்வேயும் உண்டு. அமெரிக்க விமானத் துறையின் 'சேபர்' முன்பதிவு முறையை வாங்கி, 'சாக்ரட்டீஸ்' என்று பெயர் சூட்டி 1993-ல் கொண்டுவந்தார்கள். முதல் மாதங்களில் அது செய்த குளறுபடியில் பிரான்ஸே கொதித்தது. ஆனால் விதை ஊன்றியாகிவிட்டது. ஒரே பெட்டியில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருப்பவர்கள் கொடுத்த பணத்தில் நாலு மடங்கு வித்தியாசம் இருக்கலாம்.

ஆகவே முதல் பாடம், எந்த வண்டிக்கு விலை ஆடும், எதற்கு ஆடாது என்று தெரிந்துகொள்வது. அதிவேக வண்டி, எல்லை தாண்டும் வண்டி, இரவு வண்டி இவற்றில் பெரும்பாலும் ஆடும். சில மாதங்களுக்கு முன் முன்பதிவு திறந்தவுடன் எடுத்தால் அடிமட்ட விலை. செவ்வாய், புதன் மலிவு. வெள்ளி மாலையும் ஞாயிறு மாலையும் கொள்ளை. சனிக்கிழமை நடுப்பகல் புறப்பட்டுத் திங்கள் நடுப்பகல் திரும்புகிறவருக்கு விலை சரசரவென்று இறங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். உள்ளூர்ப் பாஸஞ்சர் வண்டிகளுக்கு இந்தத் தொல்லை பெரும்பாலும் கிடையாது. இன்று வாங்கினாலும் அன்று வாங்கினாலும் ஒரே காசு.

இரண்டாவது, ஒரே தண்டவாளத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கம்பெனிகள் எங்கே மோதிக்கொள்கின்றன என்று பார்ப்பது. இத்தாலியில் 2012-ல் 'இத்தாலோ' என்ற தனியார் வண்டி வந்து அரசு ரயிலோடு மோதியது. மாட்ரிட் – பார்சிலோனா பாதையில் 2021-ல் பிரான்சின் மலிவு ரயிலான 'உய்கோ' நுழைந்தது. அடுத்த ஆண்டு 'இரியோ' வந்தது. அறுநூறு கிலோமீட்டருக்கும் மேலான அந்தத் தூரத்தை இரண்டரை மணி நேரத்தில் கடக்கும் வண்டிக்குச் சில நாட்களில் நல்ல ஹோட்டல் சாப்பாட்டு விலைதான். அந்தப் பாதைக்கு நடுவே இருப்பது சாரகோசா. பதினோராம் நூற்றாண்டில் இஸ்லாமிய அரசர்கள் கட்டிய அல்ஹஃபேரியா அரண்மனையில் இன்று அரகோன் மாநில சட்டசபை நடக்கிறது. மலிவு வண்டிகள் எல்லாமே அங்கே நிற்பதில்லை என்பதை மட்டும் கவனிக்க வேண்டும்.

ஆங்கிலக் கால்வாய்ச் சுரங்கத்தில் 1994 முதல் நகரத்துக்கு நகரம் போகும் பயணிகள் ரயில் என்றால் யூரோஸ்டார் ஒன்றுதான். விலை ஏன் அப்படி என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா? போட்டியாக வர்ஜின் கம்பெனிக்கு லண்டனில் ரயில் பராமரிப்புக் கூடத்தில் இடம் ஒதுக்கி 2025 அக்டோபரில் அனுமதி கிடைத்திருக்கிறது. வண்டி ஓட 2030 ஆகலாம். அதுவரை லீல்தான்.

விமானம் இன்னும் மலிவாயிற்றே என்று கேட்கலாம். மலிவு விமானம் 'பாரிஸ்' என்று சொல்லி இறக்கிவிடும் போவே நிலையத்திலிருந்து பாரிஸ் எண்பது கிலோமீட்டருக்கு மேல். ஃப்ராங்க்ஃபர்ட்–ஹான் என்ற பெயரில் இருக்கும் ஃப்ராங்க்ஃபர்ட்டைச் சாலையில் தேடினால் நூறு கிலோமீட்டர் தாண்டிக் கிடைக்கும். பேருந்துக் காசு, பெட்டிக்குக் காசு, விடியற்காலை டாக்ஸி எல்லாம் கூட்டிப் பார்த்துவிட்டுப் பேசலாம்.

தூண்களின் ஊர்

நடுவழி ஊர்களில் என் மனசுக்கு நெருக்கமானது பொலோஞா. மிலான் – ஃப்ளாரன்ஸ் – ரோம் என்று ஓடும் அதிவேக வண்டிகளில் பல அங்கே நிற்கின்றன. சுற்றுலாக்காரர்கள் செல்போனிலிருந்து தலை தூக்குவதற்குள் வண்டி கிளம்பிவிடும். மிலானிலிருந்து ஒரு மணி நேரம், ஃப்ளாரன்ஸிலிருந்து நாற்பது நிமிடம்.

இறங்கியவுடன் நிலையச் சுவரில் ஒரு கடிகாரம் கண்ணில் படும். மணி 10:25. எப்போது பார்த்தாலும் 10:25. 1980 ஆகஸ்ட் 2-ம் தேதி இந்த நிலையத்தின் காத்திருப்பு அறையில் வெடித்த குண்டில் 85 பேர் இறந்தார்கள். கோடை விடுமுறைக்குப் புறப்பட்டவர்கள் நிறைந்திருந்த சனிக்கிழமை அது. குண்டு வெடித்த நேரத்திலேயே அந்த முட்களை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அவசரமாகப் பிளாட்பாரம் மாறுகிறவர்கள் அதைப் பார்த்துக் கைக்கடிகாரத்தைச் சரி செய்வதையும், பிறகு ஏதோ புரிந்து நிற்பதையும் பார்த்திருக்கிறேன்.

ஊருக்குள் நுழைந்தால் குடை வேண்டாம், தொப்பி வேண்டாம். தெருவின் இருபுறமும் தூண் வைத்த நடைக்கூடங்கள் மொத்தம் 62 கிலோமீட்டர். 2021-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. படிக்க வந்தவர்களுக்கு இடம் போதாமல் மாடியைத் தெருப்பக்கம் நீட்டிக் கட்டியதில் தொடங்கிய பழக்கம் இது. 1088-ல் தொடங்கியதாகச் சொல்லப்படும் பல்கலைக்கழகம் அல்லவா! 1288-ல் ஊர்ச் சட்டமே புது வீட்டுக்குக் கூடம் கட்டாயம் என்று சொல்லிவிட்டது. நிலம் வீட்டுக்காரருடையது, நடக்கும் உரிமை ஊருக்கு. நம் திண்ணைக்கும் இதே தர்மம்தானே? என்ன, நாம் திண்ணையை இடித்து கார் நிறுத்த இடம் செய்துகொண்டோம்.

நகர வாசலிலிருந்து சான் லூக்கா மாதா கோயில் வரை குன்றின் மேல் ஏறும் கூடத்துக்கு 666 வளைவுகள், நாலு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஏற இறங்க ஒரு காலைப் பொழுது போகும், செலவு பூஜ்யம். அடுத்த நாள் பாஸஞ்சர் வண்டியில் மோதனா, ஃபெராரா, பார்மா எங்கே வேண்டுமானாலும் போகலாம். எல்லாம் அரை மணி முதல் ஒரு மணி வரை. காகித டிக்கெட் எடுத்தால் வண்டி ஏறுமுன் பிளாட்பாரத்து இயந்திரத்தில் சொருகி முத்திரை பதிக்க மறந்துவிடாதீர்கள். மறந்தால் அபராதம், பரிசோதகரிடம் தமிழில் கெஞ்சினாலும் எடுபடாது.

வெனிஸில் பகலில் வந்து போகிறவர்களிடம் 2024 முதல் சில நாட்களில் நுழைவுக் கட்டணமே வாங்குகிறார்கள். ஆம்ஸ்டர்டாமில் அறை வாடகையில் 12.5 சதவீதம் சுற்றுலா வரி. பெரிய ஊர்களே போதும் போதும் என்று கையெடுத்துக் கும்பிடும்போது நாமும் ஏன் அங்கேயே போய் நெருக்க வேண்டும்?

மாதச் சந்தா மாயம்

ஜெர்மனியில் படிக்கும், வேலை பார்க்கும் நம் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோர் இப்போது நிறைய. அவர்களுக்கு ஒரு செய்தி. 2022 கோடையில் மூன்று மாதங்களுக்கு மாதம் 9 யூரோ கொடுத்தால் நாடு முழுக்க உள்ளூர் ரயிலும் பஸ்ஸும் என்று அந்த அரசு ஒரு கூத்து நடத்தியது. மக்கள் ருசி கண்டுவிட்டார்கள். 2023 மே மாதம் 'டாய்ச்லாந்து டிக்கெட்' 49 யூரோவுக்கு வந்தது. 2025-ல் 58, 2026-ல் 63. விலை ஏறினாலும் இன்னும் லாபம்தான். அதிவேக வண்டிகளில் செல்லாது; உள்ளூர் ரயில், டிராம், பஸ், மெட்ரோ எல்லாவற்றிலும் செல்லும். இது மாதாமாதம் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் சந்தா. 10-ம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் ஊர் திரும்பிய பிறகும் வங்கிக் கணக்கிலிருந்து பணம் போகும். எனக்குத் தெரிந்த ஒரு மாமா சென்னையில் உட்கார்ந்துகொண்டு இரண்டு மாதம் ஜெர்மன் டிராமுக்குப் பணம் கட்டினார்.

இந்தச் சீட்டில் ஒளிந்திருக்கும் விருந்து, அது ஆஸ்திரிய எல்லை தாண்டி சால்ஸ்பர்க் நிலையம் வரை செல்லும் என்பது. ம்யூனிக்கிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் மோட்சார்ட் பிறந்த ஊர்! ஒரு நாள் மட்டும் என்றால் பவேரியா மாநிலத்தின் 'பயர்ன் டிக்கெட்' உண்டு. ஐந்து பேர் வரை சேர்ந்து போகலாம், கும்பலாகப் போனால் தலைக்கு ஆகும் செலவு நன்றாகக் குறையும். வார நாளில் காலை 9 மணிக்கு முன் செல்லாது. இன்னொரு எல்லையில் லக்ஸம்பர்க், 2020 முதல் நாடு முழுக்க ரயிலும் பஸ்ஸும் எல்லோருக்கும் இலவசம். முதல் வகுப்புக்கு மட்டும் காசு.

ஜெர்மன் ரயில் நேரம் தவறாது என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் அந்த நம்பிக்கையை விமான நிலையத்திலேயே கழற்றி வைத்துவிடலாம். 2024-ல் அங்கே நீண்டதூர வண்டிகளில் 62.5 சதவீதம்தான் நேரத்துக்கு வந்தன. ஆறு நிமிடத்துக்குள் தாமதமானாலும் நேரத்துக்கு வந்ததாகவே கணக்கு! ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி ஒரு மணி நேரம் தாமதமானால் டிக்கெட் பணத்தில் 25 சதவீதம், இரண்டு மணி நேரமானால் 50 சதவீதம் திரும்பக் கேட்கலாம். கேட்டால்தான் தருவார்கள். வண்டி மாற வேண்டியிருந்தால் முழுப் பயணத்துக்கும் ஒரே டிக்கெட்டாக எடுங்கள்; தனித்தனியாக வாங்கினால் விட்டுப்போன வண்டி உங்கள் பாடு.

என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பெர்லினிலிருந்து டார்ட்முண்ட் போக ஏறினேன். ஹாம் என்ற சந்திப்பில் வண்டியை இரண்டாகக் கழற்றுவார்கள். ஒரு பாதி டார்ட்முண்ட் வழி, மறு பாதி ஹாகன், வுப்பர்டால் வழி. பிளாட்பாரப் பலகையில் தெளிவாகப் போட்டிருந்ததைப் படிக்காமல் கிடைத்த கதவில் ஏறியவன் நான். ஹாகனில் இறங்கித் திரும்பி வரவேண்டியதாயிற்று. அதே ஹாம் ஊரில்தான் ஐரோப்பாவின் பெரிய தமிழ்க் கோயில்களில் ஒன்றான காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது, 2002-ல் குடமுழுக்கு நடந்தது. அம்மனைக் கும்பிடாமல் கடந்துபோனதற்கான தண்டனை என்று அம்மா போனில் தீர்ப்புச் சொன்னாள்.

தூக்கமும் சோறும்

அறை வாடகைதான் பையைக் கிழிக்கும். அதில் ஒரு ராத்திரியை ரயிலிலேயே கழிக்கலாம். செத்துக்கொண்டிருந்த இரவு ரயில்களுக்கு 2016 டிசம்பரில் ஆஸ்திரிய ரயில்வே 'நைட்ஜெட்' என்ற பெயரில் உயிர் கொடுத்தது. வியன்னாவில் ராத்திரி ஏறினால் காலையில் வெனிஸ். ஆறு பெர்த் உள்ள தடுப்பறையில் படுத்ததும் ஊர் ஞாபகம் வந்துவிட்டது. அதே கீழ், நடு, மேல். கதவு உண்டு, கம்பளி உண்டு, காலையில் இரண்டு ரொட்டியும் ஜாமும் காப்பியும் உண்டு. 'காப்பி, காப்பி' என்ற குரல் மட்டும் இல்லை. இதற்கும் விலை ஆடும் என்பதால், இரண்டு நாளுக்கு முன் பார்த்தால் ஹோட்டலே மலிவாக இருக்கும்.

பிரஸ்ஸல்ஸ் போகிறவர்கள் சனி, ஞாயிறில் போங்கள். ஐரோப்பிய ஒன்றிய அதிகாரிகள் வீடு திரும்பிவிடுவதால் அந்தப் பக்கத்து ஹோட்டல்கள் காற்று வாங்கும், விலையும் இறங்கும். ஸ்ட்ராஸ்பர்க் நேர்மாறு. மாதத்துக்கொரு முறை நாடாளுமன்றம் அங்கே கூடும் வாரத்தில் அறை கேட்டால் சிரிப்பார்கள். பிரஸ்ஸல்ஸிலிருந்து அரை மணியில் கென்ட். வான் ஐக் சகோதரர்கள் 1432-ல் முடித்த பலிபீட ஓவியம் அங்கே இருக்கிறது. வியாழக்கிழமையை மரக்கறி நாள் என்று 2009-லேயே அறிவித்த ஊர் என்பதால் சைவக்காரர்களுக்குத் திண்டாட்டம் இல்லை.

சாப்பாட்டுக்கு நம் ஊர் மீல்ஸ் தத்துவமே அங்கும். பெரிய வேளையை மதியத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பெயினில் 'மெனு தெல் தியா' என்று கரும்பலகையில் எழுதியிருந்தால் சூப்பு, முக்கிய உணவு, இனிப்பு எல்லாம் ஒரே விலையில். அதே கடையில் ராத்திரி உட்கார்ந்தால் இரண்டு மடங்கு. பிரான்சில் சாப்பாட்டோடு குழாய்த் தண்ணீரை ஜாடியில் கேளுங்கள். இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம்.

இதையெல்லாம் மீறி பாரிஸ் டிக்கெட் மலிவாகக் கிடைத்துவிட்டதா? கார் து நோரில் இறங்கி வடக்கே பத்து நிமிடம் நடந்தால் லா ஷப்பல். கடைப் பலகைகளில் தமிழ், வாசலில் முருங்கைக்காய்க் கட்டு, உள்ளே கொத்துரொட்டிச் சத்தம். "என்ன தம்பி, ஊரிலயிருந்தோ?" என்று யாழ்ப்பாணத் தமிழில் கேட்பார்கள். ஈபில் கோபுரத்தடியில் ஒரு காப்பிக்குக் கொடுக்கும் பணத்துக்கு இன்னும் கொஞ்சம் போட்டால் இங்கே வயிறு நிறையும். கோடை முடிவில் மாணிக்க விநாயகர் தேர் வரும் ஞாயிற்றுக்கிழமை அமைந்துவிட்டால், பாரிஸ் தெருவில் மலையாய்க் குவிந்த தேங்காய் உடைபடுவதையும் பார்க்கலாம்.

விசா பற்றி இரண்டு வரி. பிரிட்டன் ஷெங்கன் கூட்டில் இல்லை. லண்டனிலிருந்து போக இந்தியப் பாஸ்போர்ட்டுக்குத் தனி ஷெங்கன் விசா வேண்டும், 2024 ஜூன் முதல் கட்டணம் 90 யூரோ. பிரெஞ்சு எல்லைச் சோதனை லண்டன் நிலையத்திலேயே முடிந்துவிடும். யூரெயில் பாஸ் 1959-லிருந்து நம்மைப் போன்ற வெளிநாட்டாருக்கென்று இருப்பது. மாதக்கணக்கில் சுற்றுகிறவருக்குச் சரி. இரண்டு ராத்திரிப் பயணத்துக்கு வேண்டாம். பாஸ் கையில் இருந்தாலும் பிரான்ஸ், ஸ்பெயின், இத்தாலி அதிவேக வண்டிகளில் இருக்கைக்குத் தனியாகக் காசு வாங்குவார்கள்.

பதினொரு மணிக்குப் பன்னிரண்டு

பிராகுக்கும் வியன்னாவுக்கும் நடுவே பிர்னோ. பிராகிலிருந்து இரண்டரை மணி, வியன்னாவிலிருந்து ஒன்றரை மணி. அரசு ரயிலோடு 'ரெஜியோஜெட்' என்ற மஞ்சள் வண்டியும் போட்டி போடுவதால் டிக்கெட் விலை அடக்கம். பிராகில் தெருவை அடைத்து நிற்கும் கூட்டத்தில் ஒரு துளிகூட இங்கே இறங்குவதில்லை. ஆனால் பட்டாணிச் செடியை வைத்துப் பரம்பரையின் கணக்கைக் கண்டுபிடித்த மெண்டல் பாதிரியாரின் மடம் இந்த ஊரில்தான். மீஸ் வான் டெர் ரோஹே 1930-ல் கட்டி முடித்த டூகென்ட்ஹாட் மாளிகையும் இங்கேதான். செக்கோஸ்லோவாக்கியாவை இரண்டாகப் பிரிப்பது பற்றி 1992-ல் தலைவர்கள் உட்கார்ந்து பேசியது அந்த வீட்டில். உள்ளே போக வெகு முன்னதாகப் பதிவு செய்ய வேண்டும். நான் செய்யவில்லை, வெளியே நின்று பார்த்துவிட்டு வந்தேன்.

மதியம் பன்னிரண்டரைக்கு வியன்னா வண்டி. சாவகாசமாகச் சந்தையில் ஆப்பிள் வாங்கிக்கொண்டிருந்தபோது பெத்ரோவ் தேவாலயத்தில் பன்னிரண்டு மணிக்கான மணி ஒலித்தது. பெட்டி இன்னும் விடுதியில்! பதறி ஓடப் போனவனை ஆப்பிள் விற்ற அம்மாள் கையைப் பிடித்து நிறுத்தி, தன் கைக்கடிகாரத்தைக் காட்டினாள். மணி பதினொன்று.

1645-ல் சுவீடன் படை ஊரை முற்றுகையிட்டதாம். நண்பகலுக்குள் ஊர் விழாவிட்டால் முற்றுகையைக் கைவிடுவேன் என்று தளபதி சொன்னாராம். யாரோ ஒரு கெட்டிக்காரர் பதினொரு மணிக்கே நண்பகல் மணியை அடித்துவிட, படை மூட்டை கட்டியதாம். கதையோ நிஜமோ, இன்றும் அங்கே தினமும் பதினொரு மணிக்குத்தான் பன்னிரண்டு அடிக்கிறது. அதே பதினொரு மணிக்கு ஊர் நடுச் சதுக்கத்தில் நிற்கும் கறுப்புக் கல் கடிகாரத்தின் துவாரங்கள் ஒன்றிலிருந்து ஒரு கண்ணாடிக் கோலிக்குண்டு விழும். முதலில் பிடிப்பவருக்கே அது சொந்தம்.

வண்டிக்கு நேரம் இருந்ததால் மறுநாளைக்கு டிக்கெட்டை மாற்ற முடியுமா என்று பார்த்தேன். முடிந்தது, சின்னத் தொகைதான். மறுநாள் காலை பத்தரைக்கே போய்த் துவாரத்துக்குள் கையை விட்டுக்கொண்டு நின்றேன். என்னோடு ஏழெட்டுப் பேர், முக்கால்வாசி பள்ளிப் பிள்ளைகள். மணி அடித்தது. குண்டு விழுந்த சத்தம் எனக்கு அடுத்த துவாரத்தில் கேட்டது. ஒரு பையன் அதை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு, எனக்கும் ஒரு தடவை காட்டிவிட்டு, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.